பொரளை டிராமில் என் இடம்

1938, தை மாதம், வெள்ளி இரவு. விழுப்புரம்.

திண்டிவனத்திலிருந்து மாமனாரோடு பஸ்ஸில் வந்தேன். விக்கிரவாண்டியில் முனியன் ஏறினான். காணை சேரிக்காரன். என்னைப் போலவே கொழும்பிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அங்கே வேலைக்குப் போகும் டிராமில் அவன்தான் பொரளையில் முதலில் ஏறுவான். பக்கத்தில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பான். மருதானையில் நான் ஏறியதும் துண்டை எடுத்துவிட்டு, "குந்துண்ணே" என்பான். கோட்டை வரைக்கும் ஊர்ப்பேச்சுதான்.

இன்று என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. முனியன் சிரித்துக்கொண்டே வந்தான். பின் சீட்டில் மாமனார் தொண்டையைச் செருமினார். மடியிலிருந்த பையை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

முனியன் பையைப் பார்த்தான். "நான் நின்னுக்கினே வர்றேன் சாமி" என்றான். கொழும்பில் ஒரு நாளும் என்னை அவன் சாமி என்றதில்லை.

விழுப்புரம் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தான். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் எனக்குக் கப்பல். அவனுக்கும்தான். இனி எனக்குத் துண்டு போட்டு வைக்கமாட்டான். அதுகூடப் பரவாயில்லை. போட்டு வைத்திருந்தால் எப்படி உட்காருவேன்?