முனுவுக்கு அழுதார்கள்

ஐப்பசி, ஞாயிறு இரவு

மகன் தினேஷுக்குக் காரியம் முடிந்தது முந்தாநாள். இன்று மாலை, போலந்தில் அவனோடு கிடங்கில் வேலை பார்த்தவர்கள் வீடியோ காலில் வந்தார்கள். மகள் செல்விதான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளை படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். படத்துக்குக் கீழே என் பெயர் இருந்தது.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என்று போட்டதையே அந்த ஊரில் அவன் பெயராக்கிவிட்டார்கள். முனுசாமி வாயில் நுழையாமல் முனு ஆயிற்று. "நைனா, இங்க எல்லாரும் உன் பேரச் சொல்லித்தான் என்ன வேல வாங்கிக்கினு கீறாங்க" என்று சொல்லிச் சிரிப்பான். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பெருமை வேறு.

இன்று அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரர் "முனு, முனு" என்று தேம்பி அழுதார். என் மனைவி சட்டென்று தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தச் சொல்லுடி செல்வி! உங்க நைனா இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துனு கீறாரு. அவரு பேரச் சொல்லி அழுவுறாங்களே!"

செல்வி இணைப்பைத் துண்டித்தாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

பிறகு என் மனைவி உப்பும் மிளகாயும் எடுத்துவந்து எனக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். இனி யாரைக் காப்பாற்ற? நான் உட்கார்ந்திருந்தேன்.

தூக்கம் வரவில்லை. எமன் என்னைத் தேடித்தான் கிளம்பியிருப்பான். அந்தக் கிடங்கு வாசலில் நின்று முனுசாமி என்று கூப்பிட்டிருப்பான். இவனும் பழக்கத்தில் திரும்பிப் பார்த்திருப்பான்.