உன் மாமனாரின் பாதி மீசை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், அம்மா சுகம், உன் மகள், நம் நீச்சல் தவளைக்கும் காது ஆறிவிட்டது. உன் மாமனார் மட்டும் பாதி சுகம், பாதி மீசை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறீர்களா. போனில் சொன்னால் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பார், நீ உம் கொட்டிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், எழுத்துக்கூட்டிப் படி.

போன மாதம் தவளை நீச்சல் குளத்திலிருந்து வந்து சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது வீல் என்று கத்தினாள், காது மடலைத் தொட விடவில்லை. நான் டாக்டரிடம் கூட்டிப் போவதற்குள் உன் மாமனார் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டார். "எல்லாம் அந்தத் தண்ணியாலதான்டா, கத்தரி புடிக்கிறவர்கிட்ட புள்ளைய விட்டா காதையும் சேர்த்துத்தான் வெட்டுவாரு" என்றாராம். மாப்பிள்ளையும் இனி நீச்சல் வேண்டாம் போட்டியும் வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். உன் மகள் நீச்சல் தொப்பியை மாட்டிக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்தாள், சாப்பிடக்கூடக் கழற்றவில்லை.

அதன்பிறகு கேள் கூத்தை. டாக்டரம்மா காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து, இடுக்கியால் ஒரு பஞ்சுத் துணுக்கை வெளியே எடுத்தார். இது யார் வேலை என்று கேட்க, இவள் "தாத்தா" என்றாள். அந்த அம்மா என் சட்டையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தார், அவ்வளவுதான், "கடைக்கு வர்றவங்க காதைக் குடையிறது பத்தாதா, சொந்தப் பேத்தி காதுதான் கெடைச்சதா?" என்று என்னைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சிவிட்டார். எல்லாம் முடிந்தபிறகுதான் இவள் மெதுவாக, "இந்தத் தாத்தா இல்ல, மீசத் தாத்தா" என்கிறாள். தினமும் குளத்திலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிவருவது அவர்தானே, வண்டிச் சாவியில் பஞ்சைச் சுற்றிக் காதில் இருக்கிற தண்ணீரை எடுக்கிறாராம். கண்டக்டராக இருந்து, உள்ளே போ உள்ளே போ என்று கூட்டத்தைத் தள்ளிப் பழகிய கை, பஞ்சையும் உள்ளேயே தள்ளிவிட்டது.

சனிக்கிழமை எப்படியும் உன் மாமனார் நம் சலூன் கடைக்குத்தானே வருவார். வந்தார், நாற்காலியில் சாய்ந்தார், "மீசைய லேசா ஒதுக்கி விடுங்க சம்பந்தி" என்று கண்ணை மூடினார். சோப்பு நுரையை நன்றாகக் குழைத்துத் தடவினேன். அசையாதீங்க என்று சொல்லி, இடது பக்கத்து மீசையை ஒரே இழுப்பில் இறக்கிவிட்டேன். காத்திருந்த கறிக்கடைக்காரர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். உன் மாமனார் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "யோவ் சம்பந்தி, இதோட நான் எப்படிய்யா வெளிய எறங்குறது?" என்று அலறினார். "முன்வாசல் வழியாத்தான், படியில மட்டும் நிக்காதீங்க" என்றேன். "இப்ப அரை டிக்கெட்டு குடுத்திருக்கேன், பஞ்சு வெச்சது நான்தான்னு உங்க மகன்கிட்ட சொல்லிட்டு வாங்க, மீதியும் கிழிச்சுத் தர்றேன்" என்றேன். வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு போனார். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு "அந்தப் பஞ்சு இருக்கே" என்று ஆரம்பித்துவிட்டு, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாராம். அதனால் பாதி மீசை அப்படியே இருக்கிறது. நம் தெருவில் எந்தக் கடைக்காரரும் அதில் கை வைக்க மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டுக் கத்தியைச் சம்பந்தியம்மா ஒளித்து வைத்துவிட்டார். நம்மைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம்.

மாப்பிள்ளையிடம் நீ சொல்லவேண்டியது இதுதான். நீச்சல்மேல் குற்றம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஈரம் காதிலேயே தங்கினாலும் புண் வருமாம், அதோடு குடைந்து தோலைக் கீறிவிட்டால் கேட்கவே வேண்டாம். குளத்தை விட்டு ஏறினதும் தலையை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்து, மடலை லேசாக இழுத்துவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும், துண்டால் வெளியே மட்டும் ஒற்றவேண்டும். பஞ்சு, குச்சி, ஹேர்பின், சாவி எதுவும் உள்ளே போகக்கூடாது, காதில் இருக்கிற அழுக்குதான் காதுக்குக் காவலாம். அவர் எழுதித் தராத சொட்டு மருந்தும் எண்ணெயும் விடக்கூடாது. குளத்துத் தண்ணீர் கலங்கியிருந்தால் அன்றைக்கு இறங்கவேண்டாம். காதில் வலியோ அரிப்போ சீழோ வந்தால் நீச்சலை நிறுத்திவிட்டு உடனே காட்டவேண்டும். ஈரம் போகவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது நம் கடை, பெரிய நாற்காலியில் பலகை போட்டு உட்காரவைத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் எட்டப் பிடித்துக் காட்டுவேன். இப்போது காது ஆறிவிட்டது, தண்ணீரில் இறங்கலாம் என்று நேற்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். தொப்பியைக் கழற்றாத உன் மகளை இன்னும் எத்தனை நாள் நான் சமாளிப்பேன்?

அதனால் அம்மாடி, நீச்சலுக்குச் சம்மதம் என்று மாப்பிள்ளை வாயால் ஒரு வார்த்தை வாங்கிக் கொடு, மீதி மீசையையும் எடுத்துவிடுகிறேன். அவர் அப்பா உண்மையைச் சொல்லாவிட்டாலும் போகட்டும், உண்மைதான் பாதி முகத்தில் ஒட்டிக்கொண்டு தெருவெல்லாம் திரிகிறதே. இங்கே இரண்டு பேர் அந்த வார்த்தைக்குக் காத்திருக்கிறார்கள், ஒருத்தி தண்ணீருக்கு, ஒருத்தர் கத்திக்கு. எனக்கு ஒன்றும் அவசரமில்லை, அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு நன்றாகப் பசி எடுக்கிறது.

இருவரும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் சிரித்துக்கொண்டு இருங்கள். பதில் போட மறக்காதே.

கத்தியைத் தீட்டி வைத்திருக்கும்,
உன் அப்பா