வாசிக்காமல் விட்ட வரிகள்

1932 ஜனவரி 18, திங்கள்

நான்காம் வகுப்பில் பத்துக் கட்டளை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள்: "சார், ஆசைப்படுறதும் பொறாமைப்படுறதும் ஒண்ணுதானா?" அது நடந்து இருபது வருஷம் இருக்கும். நான் உதாரணம் இல்லாமல் எதையும் சொல்லிக்கொடுத்தவன் அல்ல. "அடுத்த வீட்டு மட்டி வாழைக்குலையைப் பாத்து நமக்கும் ஒண்ணு வேணும்னு நினைச்சா ஆசை. அந்தக் குலை அழுகிப் போகணும்னு நினைச்சா பொறாமை" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

இன்று இஸ்ரவேலின் கடிதம் வந்தது. படித்து முடித்ததும் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. ஏன்?

அவன் கொழும்புக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. இருவரும் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தோம். ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றோம். நான் தகரப்பெட்டிகூட வாங்கிவிட்டேன். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது முட்டு வலி என்றேன். "ஏலே ஞானதாசா, நெசமா வரலியா?" என்று பஸ் படியில் நின்று கேட்டான். முழங்காலைத் தடவிக் காட்டினேன். ஒற்றையில் போனான்.

வெள்ளவத்தை என்ற இடத்தில் ஒரு கடிகாரக் கடையின் மாடியில் அறை எடுத்திருக்கிறானாம். கடைக்காரர் பியசேன என்ற சிங்களவர். இவனுக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது. "இரண்டு பேருக்கும் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டினால் ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். அதை வைத்துக்கொண்டு நாள் முழுதும் சிரிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறான். சாயங்காலம் லாகிர் என்ற மலாய்க்காரர், பழைய போலீஸ்காரர், தேநீருக்கு வந்து சேர்ந்துகொள்வாராம்.

பிறகு இது: "ரயில் பாதையைத் தாண்டினால் கடல். ஐம்பத்தேழு வயதில் நீந்தக் கற்றுக்கொள்கிறேன். பியசேன என் வயிற்றுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்குவான். நேற்று அவன் கையை எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை. தானாக நீந்தியிருக்கிறேன்!"

இந்த மணவாளக்குறிச்சிக் கருமணலில் தினமும் மாலை சேர்ந்து நடந்தவர்கள் நாங்கள். முப்பத்தோரு வருஷத்தில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

ஜனவரி 20

கடிதம் என் பெயருக்குத்தான் வந்தது. "அக்காவுக்கு வாசித்துக் காட்டு" என்று அடியில் எழுதியிருக்கிறான். தேவகனி அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. விதவை, தம்பி ஒருவன்தான் அவளுக்கு எல்லாம்.

புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "தின்னானா, உறங்கினானா, அத மொதல்ல வாசியும்" என்றாள்.

நீச்சலை விட்டுவிட்டேன். கடல் என்றால் பயப்படுவாள், அதனால்தான். நீச்சல் போனதும் பியசேனவும் போனார். வயிற்றுக்கு அடியில் இருந்த கை அவருடையதல்லவா? பியசேன இல்லாமல் சிரிப்பு எப்படி நிற்கும்? அதையும் விட்டேன். மிஞ்சியது மூன்று விஷயம்: மழை. இரண்டு நாள் சளி. அரிசி நம் ஊர் அரிசி மாதிரி இல்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அக்கா."

"இத்தன பெரிய தாள்ல சளிய மட்டுமா எழுதினான்?"

"எழுத்து பெருசு அக்கா."

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வாசித்த வரி எல்லாம் கடிதத்தில் இருந்த வரிதான்.

பிப்ரவரி 3

ஒற்றையில் நடந்தேன். குடையை விரித்தால் பாதி சும்மா கிடக்கிறது.

பிப்ரவரி 12

இரண்டாவது கடிதம். தெருமுனைத் தமிழ்க் கோயிலின் பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறானாம். ஈஸ்டர் பாட்டில் இரண்டாம் சரணத்தை அவன் தனியாகப் பாட வேண்டுமாம். "பியசேன புத்த மதம், லாகிர் முஸ்லிம். இருவரும் அன்று கடைசி பெஞ்சில் வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞானதாசா, இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. இன்னும் ஆறு மாதம் இருக்கலாம் என்று நினைக்கிறேன்."

இருந்ததே இல்லையா? அப்படியானால் நாம் நடந்ததெல்லாம்?

இஸ்ரவேல் பாடுகிறான்! கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பவன். எனக்காக ஒரு நாள் திறக்காத வாயை யாரோ ஒரு கடிகாரக்காரனுக்காகத் திறந்திருக்கிறான். ஆறு மாதம். பிறகு இன்னும் ஆறு மாதம் என்பான். பிறகு?

பிப்ரவரி 13

அக்காவுக்கு வாசித்தேன். "நீந்தும்போது சிப்பி கிழித்துக் காலில் சிறு காயம், ஆறிவிட்டது" என்று ஒரு வரி. "காலில் காயம்" என்பதை மட்டும் வாசித்தேன்.

கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டு விடை சரி என்று சாதிக்கிற பிள்ளையை எத்தனை முறை திருத்தியிருக்கிறேன்.

அக்காவின் முகம் வாடிப்போயிற்று. "சளி, காயம், வாய்க்குப் பிடிக்காத சோறு. யாருமில்லாத ஊருல அவன் என்னத்துக்குக் கெடக்கணும்? எழுதும் வாத்தியாரே. அக்கா ஒறக்கமில்லாம கெடக்கா, உடனே வந்துருன்னு எழுதும்."

எழுதினேன். என் கையெழுத்து இவ்வளவு அழகாக வந்ததில்லை.

பிப்ரவரி 15

தபாலில் சேர்த்தேன். வரும் வழியில் பாடிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 2

பதில் வந்தது. எட்டே வரி. "அக்கா இப்படிக் கலங்குவாள் என்று நினைக்கவில்லை. 19ஆம் தேதி கப்பலில் ஏறுகிறேன். குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் வந்துவிடுவேன். என் சரணத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பியசேனவிடம் சொன்னேன். கையில் இருந்த கடிகாரத்தையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்."

கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வருகிறான்! குடையின் கம்பி ஒன்று விட்டிருந்தது, கட்டி வைத்தேன்.

மார்ச் 5

அவன் வருகிறான். நான் ஏன் சந்தோஷமாக இல்லை?

கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கடிகாரத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

மார்ச் 8

அக்கா முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். தம்பி வருகிறானே! திடீரென்று கேட்டாள்: "அவன் சந்தோஷமாத்தான் வாறானா? அப்பிடி எழுதியிருக்கானா?"

அந்த மட்டிக்குலை கண்முன் வந்து நின்றது. அடுத்த வீட்டுக் குலை. அழுகட்டும் என்று நினைத்ததோடு நிற்கவில்லை நான், கையாலேயே அழுகவைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்க் கடிதங்களை எல்லாம் எடுத்து வந்தேன். "அக்கா, நான் இதைச் சரியா வாசிக்கல. முதல்ல இருந்து வாசிக்கேன்" என்றேன். அரிச்சுவடிப் பிள்ளைகளைப் பழக்குவதுபோல விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. விரல் எங்கே போகிறது, எங்கே தாண்டுகிறது என்பது தெரியுமே.

நீச்சல் வந்தபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பய குளத்துலயே எறங்க மாட்டானே! பொம்பளப் பிள்ளையளாட்டம் கிணத்தடியிலல்லா குளிப்பான்!" ஈஸ்டர் பாட்டு வந்தபோது சிரிப்பு நின்றது. கரண்டி சட்டியில் கிடந்தது. பயறு கருகும் மணம். முழுவதையும் கேட்டு முடித்ததும் சட்டியை இறக்கினாள்.

"வாத்தியாரே, அவன் சின்னதுல நல்லா பாடுவான். நீரு பக்கத்துல வந்து இருக்கத் தொடங்கின பொறவுதான் வாய மூடினான்."

"நானா? நான் என்ன செய்தேன்?"

"சுதி தப்புது, சுதி தப்புதுன்னு கோயில்ல வச்சு அவன முழங்கையால இடிப்பீரே. மறந்துட்டீரா?"

மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன். இடித்தவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்!

அதன் பிறகு எல்லாம் வாயில் வந்துவிட்டது. "அக்கா, எனக்கு முட்டு வலியும் இல்ல. அங்க போனா என்னை யாரு சார்னு கூப்பிடுவா? இங்க ரோட்டுல போனா நாலு பேரு எந்திரிக்கான். அங்க நான் யாரு? அந்தப் பயம்தான்."

"அது எனக்குத் தெரியும். முட்டு வலிக்காரன் தினசரி கடப்புறத்துக்கு நடப்பானா?"

நான் அழுதேன். எழுதிக்கொள்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

"சவம், அழுதது போதும். கப்பலு என்னைக்கு?"

"பத்தொம்பது."

"பின்ன இங்க இருந்து என்ன செய்யுதீரு? எந்திரியும்!"

மார்ச் 9

நாகர்கோவிலுக்கு முதல் பஸ்ஸில் போய்த் தந்தி கொடுத்தேன். அக்கா சுகம், வர வேண்டாம், பாடு, தவறு என்னுடையது, கடிதம் பின்னால். இதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். தந்தி குமாஸ்தா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாராவது மரிச்சுப்போனாங்களா சார்?"

"இல்ல."

"பின்ன ஒரு ஆள பாடச் சொல்லியா தந்தி அடிக்கீரு?"

"ஆமா. அந்த வார்த்தையை மட்டும் விட்டுராதீங்க."

கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எந்த எந்த வரிகளை விட்டேன் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். கையெழுத்து கோணலாக வந்தது.

மார்ச் 20, குருத்தோலை ஞாயிறு

பதில் எதுவும் வரவில்லை. தந்தி போய்ச் சேர்ந்ததா? சாயங்காலம் ரோட்டில் போய் நின்றேன். பஸ் வந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். அவன் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. உண்மைதான். ஆனால் பஸ் நிற்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஜன்னலிலும் அவன் முகத்தைத் தேடினேனே, அது என்ன? வந்துவிட மாட்டானா என்று ஒரு பாதி மனம் கிடந்து அடித்துக்கொண்டதே, அது என்ன? எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 27, ஈஸ்டர்

கோயிலில் தாழ்ந்த குரலில் பாடினேன். எனக்கு முன் பெஞ்சில் இருந்த ராஜையன் சுருதி தப்பிப் பாடினார். நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 2

கொழும்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எனக்கு இல்லை. தேவகனி அக்காவின் பெயருக்கு.

ஏப்ரல் 4

அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் கோயில் உபதேசியார் இருக்கிறார். அவர் வாசித்துக் காட்டியிருப்பார். நல்ல குரல் அவருக்கு. நிறுத்தி நிறுத்தி, அழகாக வாசித்திருப்பார்.

இப்போது உபதேசியார் மேலும் பொறாமை. ஐம்பத்தெட்டு வயது எனக்கு!

ஏப்ரல் 5

அக்கா வந்தாள். மடியிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். உறை பிரிக்கவில்லை.

"உபதேசியாரு வாசிக்கட்டான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன். நீரு வருவீருன்னு மூணு நாளு பாத்தேன். வரல. முட்டு வலியோ?"

"நான் வாசிச்சா நம்புவீங்களா அக்கா?"

"விரல வச்சு வாசியும்."

வைத்தேன். கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். சரணம் திரும்ப அவனுக்கே வந்ததாம். ஈஸ்டர் அன்று இரண்டு இடத்தில் சுருதி தப்பியதாம். அவன் பாடி முடித்ததும் பியசேன, கோயிலில் செய்யலாமா கூடாதா என்று தெரியாமல், எழுந்து கை தட்டினாராம். லாகிரும் தட்டினாராம். சபை முழுவதும் திரும்பிப் பார்த்ததாம். அக்கா சிரித்தாள். எனக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தியது. அங்கே நான் இருந்திருந்தால் கை தட்டியிருப்பேனா, இடித்திருப்பேனா?

கடைசிப் பக்கம்: "ஞானதாசன்தான் இதை வாசிப்பான் என்று தெரியும். இதையும் விடாமல் வாசிக்க வேண்டும். அவன் மேல் எனக்குக் கோபம் —"

நின்றுவிட்டேன்.

"வாசியும்" என்றாள் அக்கா. அவள் கண் என் விரலிலேயே இருந்தது.

"அவன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரக் கொஞ்ச நாள் ஆகும். உன் சிநேகிதனுக்கு நீந்தத் தெரியுமா என்று பியசேன கேட்கிறான். தெரியாது, அவன் வந்தால் நான் கற்றுக்கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்."

அக்கா எழுந்து முந்தானையை உதறினாள். "அந்த முந்திரிக்கொத்து இன்னும் இருக்கு. காறிப் போகும் முன்ன யாராவது கொண்டு சேத்தாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 9

தகரப்பெட்டியை வெயிலில் காயவைத்தேன். உள்ளே பாச்சை. இரண்டு வேட்டி, ஒரு குடை, அக்காவின் பொதி. அவ்வளவுதான். அந்த ஊரில் என்னைச் சார் என்று கூப்பிட யாரும் இல்லை. பார்ப்போம்.

இந்த நோட்டு யார் கைக்காவது வந்தால் ஒன்று செய்து பார்: எழுத்துத் தெரியாத ஒருவருக்குக் கடிதம் வாசிக்கும்போது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்து வாசி.