"கட்டினோம்" என்று எழுதப்போகிற மகளுக்கு

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் சின்னவளும் நலமாக இருக்கிறோம், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை, மனசைப் பற்றிக் கேட்காதே. நீ எப்படி இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, கால் வீக்கம் குறைந்ததா, இதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் வேண்டும், நல்லா இருக்கேன்மா என்று ஒரே வரியில் தட்டிக்கழிக்காதே. இதைப் படிக்கிறாய் என்றால் தலையணை உறையின் ஓர மடிப்பைப் பிரித்துவிட்டாய் என்று அர்த்தம். உன் கடிதத்தைக் கொண்டுவந்த பிசியோதெரபிக்காரர் லீவு முடிந்து கடல் தாண்டி உங்கள் முதியோர் இல்லத்துக்கே திரும்புகிறார், அவர் கையில்தான் இந்த உறையைக் கொடுத்தனுப்புகிறேன். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர் பெட்டியையும் அங்கே திறந்து பார்ப்பார்களே. இந்த விஷயத்தைப் போனில் பேசவே கூடாது என்று நீயே எழுதியிருந்தாய். நான் உட்கார்ந்து தைப்பதைப் பார்த்து, இத்தனை வருஷம் ஆஸ்பத்திரித் துணி தைத்தவள் இப்போது ஒற்றர் வேலைக்குப் போய்விட்டாள் என்று உன் அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பட்டப்பகலில்.

ஏனென்றால் உனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், நீ எழுதும் அந்த கிறிஸ்தவ மாதப் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். உன் இரண்டு கட்டுரையிலும் "ஒரு பணிப்பெண்" என்றுதான் போட்டிருக்கிறது, இல்லத்தின் பெயரும் இல்லை. ஆனாலும் வயதானவர்களை சேரில் துணியால் கட்டி வைப்பதும், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாட விருந்தினர் வரும்போது கட்டு தெரியாமல் மேலே சால்வை போர்த்துவதும் எந்த இல்லம் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாதா. அவர் என்னிடம், "பொண்ணு வேலை செய்யப் போயிருக்கு, எழுதறதுக்குப் போகலம்மா. நீங்க சொன்னா கேட்கும்" என்றார். அப்புறம் சின்னவளைப் பார்த்து, வெளிநாட்டு வேலைக்காகக் கொடுத்த இந்தப் பிள்ளையின் சர்டிபிகேட் எல்லாம் என்னிடம்தானே இருக்கிறது என்று சிரித்த முகமாகவே சொன்னார். அவர் போன பிறகு அந்தத் தம்ளரைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

உன் கட்டுரைகளை நான் படித்தேன், படித்த அன்று வேலையே ஓடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரித் துணி அறையிலும் ஆளைக் கட்டுகிற பட்டைகளைத் தைக்கிறோம் என்று உனக்குத் தெரியும். மூக்குக்குழாயைப் பிடுங்கிப் போடுகிற நோயாளிகளுக்காக, உள்பக்கம் மெத்தென்று துணி வைத்துத் தைப்போம், டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வார்டுக்குப் போகும், கட்டினால் நர்ஸ்கள் பக்கத்திலேயே இருந்து அடிக்கடி அவிழ்த்துக் கையைத் தேய்த்துவிடுவார்கள். நீ எழுதியது கிழிந்த போர்வைத் துணி. முடிச்சு முதுகுப்பக்கம், கட்டப்பட்டவர் கைக்கு எட்டாது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மெஷினை மிதிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன், என்ன உடம்பு சரியில்லையா என்று எங்கள் சூப்பர்வைசர் அம்மா கேட்டார், தலைவலி என்றேன். என் மகள் நன்றாக எழுதுகிறாள் என்று பெருமை வரவேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது.

இதெல்லாம் உன் கடிதம் வருவதற்கு முன்னால். உன் கடிதம் வந்த பிறகு இதுவும் ஒரு பயமா என்று ஆகிவிட்டது. கட்டுரையில் "கட்டினார்கள்" என்று எழுதியிருந்தாய். கடிதத்தில் "கட்டினோம்" என்று எழுதியிருக்கிறாய். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன், கட்டினோம்தான். சாயங்காலம் அத்தனை பேருக்கும் இரண்டே பணிப்பெண்கள், முதலில் மாட்டேன் என்றாய், அப்புறம் செய்தாய், அப்புறம் அது பழகிப்போயிற்று என்று எழுதியிருக்கிறாய். இல்லத்தில் இருந்த அந்தக் கணக்கு டீச்சர் அம்மா, நீ போன புதிதில் மாத்திரைக் கணக்கில் நீ விட்ட தப்பைத் திருத்திச் சொல்லி உன்னை ஏச்சிலிருந்து காப்பாற்றினாரே, அவர் சேரோடு சாய்ந்து விழுந்து கிடந்ததையும், முடிச்சை நீ அவிழ்த்ததையும், தூக்கத்தில் இறந்தார் என்று ஆபீஸில் எழுதிக்கொண்டதையும் சொல்லிவிட்டு, மூன்றாவது கட்டுரை அவரைப் பற்றித்தான், அதில் "கட்டினார்கள்" என்று எழுதக் கை வரவில்லை அம்மா, "கட்டினோம்" என்றுதான் வருகிறது என்று முடித்திருக்கிறாய். அன்று அவரைக் கட்டியது உன் கையா, கூட இருந்தவள் கையா என்று நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. உன் அப்பாவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது இரண்டு பேரும் அதைக் கேட்காமல் சாப்பிடுகிறோம்.

வார்த்தையின் கடைசி எழுத்துகளை மாற்றினால் என்ன ஆகப்போகிறது என்று மற்றவர்கள் கேட்கலாம். மாற்றினால் போலீஸ் உன்னைத் தேடி வரும், மகளே. கட்டினார்கள் என்று எழுதுகிறவள் சாட்சி, கட்டினோம் என்று எழுதுகிறவள் குற்றவாளி. அயல்தேசம், பாஸ்போர்ட் இல்லத்துக்காரர்கள் பீரோவில், உன் பக்கம் பேச ஒரு ஆள் இல்லை. இதை நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். அப்படி இருக்கிறவளிடம் நீ என்ன கேட்டிருக்கிறாய், எழுதுகிறவளுக்குத் தைரியம் கொடுக்கிற வசனம் ஒன்று தேடி அனுப்பும்மா, பிறந்தநாளுக்கு அட்டையில் எழுதித் தருவாயே அந்த மாதிரி என்று.

தேடினேன். ஆனால் உனக்குத் தைரியம் கொடுக்க இல்லை, உன்னை நிறுத்துவதற்கு. என்னிடமிருந்து வசனம் வந்தால் நீ தட்டமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அந்தத் தெம்பில்தான் தேடினேன். வேதம் முழுக்க எங்கே பார்த்தாலும் எழுது, எழுது என்றே இருக்கிறது, மோசேக்கும் அதே, ஏசாயாவுக்கும் அதே, ஆபகூக்குக்கு ஓடுகிறவனும் வாசிக்கும்படி தெளிவாக எழுதச் சொல்லி உத்தரவு. எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. கடைசியில் பாஸ்டரிடம் போய், ஒன்றும் தெரியாதவள் மாதிரி, எழுதாதே என்று ஆண்டவர் யாருக்காவது சொன்ன இடம் உண்டா ஐயா என்று கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். வெளிப்படுத்தின விசேஷத்தில் பத்தாம் அதிகாரம், இடிமுழக்கங்கள் பேசியதை யோவான் எழுதப்போகும்போது அதை மூடி முத்திரை போடு, எழுத வேண்டாம் என்று வானத்திலிருந்து சத்தம் வந்தது என்றார். இவ்வளவு ஆழமாக யோசிக்கிற நீங்களே பெண்கள் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசிவிடுங்கள் என்று என் தலையிலும் கட்டிவிட்டார். போகட்டும், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அழகான அட்டையாகப் பார்த்து எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் எழுதி, கீழே உன் பெயரும் போட்டுவிட்டேன்.

உன் அப்பா பேக்கரியிலிருந்து வந்து, கையில் மாவோடு நின்றபடியே அதைப் படித்தார். "இது ஆண்டவர் சொல்றதா, நீ சொல்றதா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அவர் கை கழுவப் போய்விட்டார், அந்த மனிதர் சண்டை போட்டிருக்கலாம்.

பெண்கள் கூட்டத்தில் பேச வேண்டுமே என்று அந்த அதிகாரத்தை முழுசாகப் படிக்க உட்கார்ந்தேன். படித்திருக்கவே வேண்டாம். எழுத வேண்டாம் என்றது அந்த இடிகள் பேசியதை மட்டும்தான், யோவான் கண்ணால் கண்ட மற்றதை எல்லாம் எழுதத்தான் செய்கிறான், எழுதாதே என்று தனக்குச் சொன்னதைக்கூட எழுதிவைத்திருக்கிறான். அதோடு முடியவில்லை. அதே அதிகாரத்தில் தூதன் கையிலிருக்கிற சின்னப் புஸ்தகத்தை வாங்கித் தின்னச் சொல்கிறார்கள், வாயில் தேன், வயிற்றில் போனதும் கசப்பு, கடைசியில் நீ மறுபடியும் போய்ப் பேசியாக வேண்டும் என்று முடிகிறது. உன்னை அடைக்க நான் தேடிப்பிடித்த கதவு அந்தப் பக்கம் திறந்தே கிடக்கிறது. அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். கூட்டத்தில் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன், அது பாதிப் பொய்.

அதற்குப் பிறகு நீ கேட்டதை நிஜமாகவே தேடினேன். தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல எழுதினானே பாருக்கு என்கிறவன், அவன் எழுதியதை வாசிக்கக் கேட்ட அதிகாரிகளே பயந்துபோய், நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள், இருக்கிற இடம் ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்கிறார்கள். ராஜா சுருளை அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறான், பிடித்து வா என்று ஆள் அனுப்புகிறான், கர்த்தர் அவர்களை மறைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறது. பிறகு மறுபடி எழுதுகிறார்கள், முன்னைவிட அதிகமாக. இந்தப் பாருக்கு ஒரு வீரன் இல்லை, என்னை மாதிரி ஆள், ஐயோ நான் இளைத்துப் போனேனே என்று புலம்புகிறவன். பெரிய காரியம் எதையும் உனக்கென்று தேடாதே, ஆனால் எங்கே போனாலும் உன் உயிரை உனக்குத் தருவேன் என்று அவனுக்கு ஆண்டவர் சொல்கிறார். அது அவனுக்குச் சொன்னது, உனக்கும் அப்படியே என்று நான் எழுதித் தர முடியாது, ஒரு தடவை பட்டது போதும். என் பிள்ளையின் உயிரையும் எனக்குத் தாரும் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மெஷின் மிதிக்கும்போதும் வாய் அதையே சொல்கிறது. பேதுருவையும் நினைத்துக்கொண்டேன். முற்றத்தில் குளிர்காய்ந்தபடி ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து, பிடித்துக்கொண்டுபோன தன் ஆண்டவரைப் பற்றியே, அந்த மனுஷனை அறியேன் என்று சொன்னதை அவரே சொல்லித்தான் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சபைக்கே தலைவர் ஆன பிறகும் அதை அழித்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அப்படிப்பட்ட புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "கட்டினார்கள்" என்று மாற்றி எழுது என்று உனக்கு எப்படிச் சொல்வேன், சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

சின்னவள் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏஜென்ட் ஆபீஸுக்குப் போய், சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்டு, தரும்வரை எழுந்திருக்கமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து வாங்கி வந்துவிட்டாள். வெளிநாடு போக வேண்டும் என்று எத்தனை நாள் கனவு கண்டாள், இப்போது அப்பாவின் பேக்கரியில் கவுன்டரில் நின்று ரொட்டி பொட்டலம் கட்டுகிறாள். நான் அழுதபோது, "அக்கா எழுதட்டும்மா, என்னைக் காட்டி யாரும் அவளை மிரட்டக் கூடாது" என்றாள்.

இனி சொல்வதைக் கவனமாகக் கேள். கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் அந்த இடத்தைவிட்டு வெளியே வா. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் பாஸ்போர்ட்டைக் கேள் என்று நான் எழுதப்போக, பொய் சொல்லச் சொல்லாதே என்று உன் அப்பா தடுத்தார், அப்புறம் அவரே யோசித்து, என் முட்டி வலியும் உடம்புக் கோளாறு இல்லையா, வலிக்கத்தானே செய்கிறது என்று அனுமதி கொடுத்துவிட்டார். உன் சபையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிற அந்த அம்மா பின்பக்க அறையைத் தருகிறேன் என்றாரே, அங்கே போய் இரு. ஒளிந்துகொள்வது கோழைத்தனம் இல்லை, அது வேதத்திலேயே இருக்கிறது. நல்ல வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு அனுப்பு. அனுப்பிய பிறகு "அனுப்பிவிட்டேன்" என்று மட்டும் போனில் சொல், நாங்கள் புரிந்துகொள்வோம். அதற்குப் பிறகு வாசலில் யார் நின்றாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், என் பயம் தீரட்டும் என்று நீ காத்திருக்காதே, அது தீராது. அந்தக் கை யாருடையது என்று சொல்லத் தோன்றினால் எனக்கும் சொல். எதைச் சொன்னாலும் நீ என் பிள்ளைதான்.

உன்னைக் காக்கிறவர் உறங்காமல் இருக்கட்டும். உன் போக்கிலும் வரத்திலும் அவர் கூட இருக்கட்டும். அப்பாவும் சின்னவளும் முத்தம் சொல்லச் சொன்னார்கள். படித்ததும் இதைக் கிழித்துவிடு, உறையைத் தூக்கிப் போடாதே, புதுத் துணி. ஒன்றை மட்டும் மறக்காதே. முதல் இரண்டு கட்டுரையிலும் "ஒரு மூதாட்டி" என்றுதான் எழுதியிருக்கிறாய், எனக்கு எழுதிய கடிதத்திலும் வெறும் "கணக்கு டீச்சர்"தான். உன் பெயரைப் போடுவதும் விடுவதும் உன் இஷ்டம். அந்த அம்மாவின் பெயரைப் போடு.

இப்படிக்கு,
பயந்துகொண்டே உனக்காக ஜெபிக்கிற
உன் அம்மா