ஒரு டெசிபல் அதிகம்

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்கு அவமானமாக இருந்தாலும் மறைக்க மாட்டேன். இப்படி ஒரு பழக்கம் எனக்கு இப்போது தேவைப்படுகிறது. இயற்பியல் டீச்சர் இன்று ஒரு பெரிய வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

நூலகத்தில் இசை கேட்பதற்கென்று ஆறு சிறிய அறைகள் கட்டி முடித்திருக்கிறார்கள். அறைக்கு ஒன்றாக ஆறு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள், பெருக்கும் சர்க்யூட் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வகை. மாதிரி கொடுத்திருப்பவர்கள் இரண்டு பேர். இருவரும் ஒரே தெருவில் எதிரெதிரே கடை வைத்திருக்கிறார்கள், இருவரும் சொந்தக் கையால் செய்கிறார்கள். ஒருவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மற்றவர் எதிர்க்கடை அக்கா. எதை எடுப்பதென்று நூலகருக்குப் புரியவில்லை. எங்கள் அறிவியல் மன்றம் இரண்டையும் கருவியில் அளந்து, காதாலும் கேட்டு, அறிக்கை தர வேண்டும். மன்றச் செயலாளர் நான்.

"உங்க மாமாவாச்சே, சாஞ்சிட மாட்டியே?" என்றார் டீச்சர்.

"மாட்டேன் டீச்சர்" என்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

இரண்டு கடைகளிலும் ரிப்பேர் வேலையைத் தவிர வேறெதுவும் இல்லாமல் ஒரு வருடமாகிறது. இந்த ஆறு பெட்டிகள் யாருக்குக் கிடைக்கிறதோ அவர் மறுபடியும் ஆம்ப் செய்கிறவர் ஆவார். கிடைக்காதவர் மிக்ஸிக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருப்பார்.

ஜூன் 11, புதன்

கல்லூரி ஆய்வகத்திலிருந்து டீச்சர் அளக்கும் கருவியை வாங்கி வந்தார். நாள் முழுக்க அளந்தோம். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன், வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்து அம்மா திட்டினாள்.

இருவருடையதும் கிட்டத்தட்ட ஒரே வாட். ஆனால் சிதைவு, அதாவது உள்ளே போகும் ஒலி வெளியே வரும்போது எவ்வளவு கலங்கிப்போகிறது என்ற கணக்கு, அக்காவுடையதில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கருவியின் அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மாமாவுடையதில் அதைவிடப் பல மடங்கு. இரைச்சலிலும் அக்காவுடையதுதான் அமைதி. சூட்டிலும் அப்படியே. மாமாவின் பெட்டி மேல் கையை வைத்துவிட்டு நான் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னதும் சிரித்தார். "மீட்டரா உக்காந்து பாட்டுக் கேக்கப் போவுது? சனிக்கிழமை காதை வெச்சுக் கேளு விஞ்ஞானி. அப்ப தெரியும் எது சங்கீதம், எது தண்ணி ஊத்தின காப்பின்னு."

ஜூன் 14, சனி

கேட்கும் சோதனை முடிந்தது! பன்னிரண்டு பேர் கேட்டார்கள். ஆசிரியர்கள் ஐந்து, மாணவிகள் ஆறு, பள்ளிக் காவலாளி ஒருவர் (அவர் பாதியில் தூங்கிவிடுவார் என்று பந்தயமே கட்டியிருந்தோம், தூங்கவில்லை). எது எந்தக் கடை ஆம்ப் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக நாடக மேடையின் நீலத் திரையைக் கட்டி, அதன் பின்னால் நின்று நானே ஸ்பீக்கர் ஒயரை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர். இரண்டு ஆம்ப்பிலும் ஒலிக் குமிழை ஒரே கோட்டில் வைத்தேன்.

இரண்டு கடைக்காரர்களையும் உள்ளே விடவில்லை. அக்கா வரவே இல்லை. மாமா இருப்புக் கொள்ளாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

பன்னிரண்டில் பதினோரு பேர் மாமாவுடையதைச் சொன்னார்கள்! "உயிர் இருக்கு" என்றார் தமிழ் ஆசிரியை. "பாடுறவங்க பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள் என் வகுப்புத் தோழி. காவலாளி ஒரே வார்த்தையில் "கும்முனு இருக்கு" என்றார்.

மாமா என்னைத் தூக்கிச் சுற்றாத குறைதான். நான் பதினோராம் வகுப்பு என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

அறிக்கை எழுதி முடித்தேன். கடைசி வரி: "அளவுகள் சொல்லாத ஒன்றைக் காது சொல்கிறது." எழுதியதும் எனக்கே புல்லரித்தது.

ஜூன் 17, செவ்வாய்

நூலகர் மாமாவிடம் வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். மாமா கடை வாசலில் "ரிப்பேர் எடுப்பதில்லை" என்று அட்டை மாட்டியிருக்கிறார். ஒரு மிக்ஸியைக் கையில் பிடித்தபடி ஒருவர் அதைப் படித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்.

ஜூன் 20, வெள்ளி

நூலகத்தில் ஒலியியல் பற்றிய ஒரு தடித்த புத்தகம் எடுத்தேன். அறிக்கையைப் பார்த்துவிட்டு யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தது.

இரண்டு ஆம்ப்பை ஒப்பிடும்போது குமிழின் நிலையை நம்பக் கூடாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பெருக்கும். ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து இரண்டையும் சமன் செய்த பிறகுதான் கேட்க வேண்டும். ஒரு துளி சத்தம் கூடினால் காதுக்கு அது சத்தமாகத் தெரியாது, நல்லதாகத் தெரியும்.

நல்லதாகத் தெரியும். உயிராகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தது போல் தெரியும்.

நான் குமிழைத்தானே பார்த்தேன்?

ஜூன் 21, சனி

ஆய்வக அறைச் சாவியைக் காவலாளியிடம் வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். இரண்டு ஆம்ப்பும் அங்கேயே இருந்தன. அன்று வைத்த கோட்டிலேயே குமிழ்களை வைத்தேன். அக்காவுடையது இரண்டு வோல்ட். மாமாவுடையது இரண்டேகால். கணக்குப் போட்டால் சத்தம் ஒரு டெசிபல் அதிகம்.

மறுபடி அளந்தேன். அதே.

மாமாவுடைய குமிழை ஒரு மயிரிழை குறைத்து, இரண்டும் இரண்டு வோல்ட் வரும்படி செய்து, அதே பாட்டைப் போட்டேன். எது எதுவென்று எனக்குத் தெரியும், தெரிந்தும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. உயிரும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே பாட்டு.

கண்ணுக்கெல்லாம் திரை கட்டினேன். காதை விட்டுவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பள்ளி விட்டு வரும்போது எதிர்க்கடை அக்கா கூப்பிட்டார். கோபமாகத்தான் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அறிக்கையைப் படிச்சேன் பாப்பா. அளவெல்லாம் ரொம்ப அழகா எடுத்திருக்கே. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் எப்படி சமன் பண்ணின?"

அவர் குரலில் சந்தேகமே இல்லை. வகுப்பில் பக்கத்து டெஸ்க்காரி கணக்கு எப்படிப் போட்டாய் என்று கேட்பாளே, அப்படிக் கேட்டார்.

"மீட்டர் வெச்சுத்தான்க்கா."

"ஸ்பீக்கர் முனையிலயா?"

"ஆமாக்கா."

அவ்வளவுதான். தலையை ஆட்டினார். "அப்போ தப்பு என்கிட்டத்தான். பதினோரு பேருக்குப் பிடிக்கலைன்னா எங்கயோ நான் எதையோ கொன்னுருக்கேன்" என்றார்.

பொய் இவ்வளவு சுலபமாகவா வரும்? நாக்கு ஒரு தடவைகூடத் தடுக்கவில்லையே. புத்தகத்தில் படித்ததை அப்படியே செய்ததாகச் சொல்லிவிட்டேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டதால்தான் எப்படிப் பொய் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

ஜூன் 25, புதன்

"பரீட்சைகூட இல்லையே, முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கே?" என்றாள் அம்மா. தலைவலி என்றேன். இரண்டாவது பொய்.

ஜூன் 28, சனி

அக்கா தன் ஆம்ப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். டீச்சர் மாதிரியைத் திருப்பிக் கொடுத்ததுமே ஆரம்பித்துவிட்டாராம். கடையைத் தாண்டும்போது வேகமாக நடந்தேன், அவர் பார்த்துவிட்டார்.

"வா வா. இதைக் கேளு. கொஞ்சம் சிதைவைக் கூட்டிப் பாத்தேன். இப்ப இனிமையா இருக்கா?"

கேட்டேன். முன்பைவிட மோசமாக, அடைத்த மூக்கோடு பாடுவது போல் இருந்தது.

"எட்டு வருஷமா இந்த சர்க்யூட்டைச் சுத்தம் பண்ணிட்டே இருந்தேன் பாப்பா. சுத்தம்னா நல்லதுன்னு நெனச்சேன். ஜனங்க கேட்டது வேற போல." சொல்லிவிட்டுச் சிரித்தார். மேசை ஓரத்தில் பழைய பாகங்கள் ஒரு தட்டில் குவிந்திருந்தன. எட்டு வருடம். என் ஒரு டெசிபலை நம்பி அந்த அக்கா தன் கையாலேயே அதைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறார்.

அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 30, திங்கள்

முதலில் மாமாவிடம் சொன்னேன். அவர் இரண்டாவது பெட்டிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"அப்ப எதுக்கு இப்ப சொல்ற? எல்லாம் முடிஞ்சு போச்சே."

"அந்த அக்கா அவங்க ஆம்ப்பைக் கெடுத்துக்கிட்டு இருக்காங்க மாமா."

"கடைக்கு வர்றவன் குமிழைத் துளி திருப்பினதும் சத்தம் நிமிந்து வரணும். அதுக்காகத்தான் நான் அப்படி வெச்சிருக்கேன். அது குத்தமா?"

"உங்க குத்தம் இல்ல மாமா. நான் அளக்கல. அது என் குத்தம்."

துளைபோடும் மிஷினைக் கீழே வைத்தார். "சொந்த மாமன் வயித்துல அடிக்கிறேங்கிற" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

ஜூலை 1, செவ்வாய்

டீச்சரிடம் சொன்னேன். "தெரியாம நடந்த தப்பு. நானும் கவனிச்சிருக்கணும். திரும்பச் செய்வோம்" என்றார். நூலகரிடம் அவரே போய்ப் பேசுவதாகச் சொன்னார்.

ஆனால் அக்காவிடம் சொன்னது தெரியாமல் நடந்ததல்ல. அதை அவரிடமே நேராகப் போய்ச் சொன்னேன். மீட்டர் வைக்கவில்லை, வைத்தேன் என்று பொய் சொன்னேன், இரண்டும் சமமாக இருந்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் ஒரே மூச்சில்.

சால்டரிங் கோலை அதன் தாங்கியில் வைத்தார். தட்டில் குவிந்திருந்த பழைய பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எது எந்த இடம் என்று தேடுகிறார் என்று புரிந்தது.

"நான் உதவி பண்ணட்டுமாக்கா?"

"வேண்டாம். நீங்க போங்க" என்றார்.

நீங்க.

ஜூலை 5, சனி

மறு சோதனை. இந்தத் தடவை மீட்டரை டீச்சர் பிடித்தார், எண்ணை நான் இரண்டு முறை உரக்கப் படித்தேன், ஒயரை மாற்றியது எதையும் அறியாத ஒன்பதாம் வகுப்பு மாணவி. அதே பன்னிரண்டு பேர். எது பிடிக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் பத்து முறை கேட்டோம். பாதிக்குப் பாதி வந்தது. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதுதான் வந்திருக்கும். "போன தடவை கும்முனு இருந்துச்சே, எங்க போச்சு?" என்று காவலாளி திரைப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

மாமா தானும் உட்காருவேன் என்றார். "என் ஆம்ப்பை எனக்குத் தெரியாதா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்." உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். பத்தில் நான்கு சரி.

டீச்சர் எண்ணைச் சொன்னதும் அறையில் யாரும் சிரிக்கவில்லை. மாமா எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்தானே இதைச் செய்தேன்? உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்கிறார்களே, எங்கே குறைந்தது? இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை 7, திங்கள்

ஒலியில் வித்தியாசம் இல்லாததால் நூலகர் மற்ற அளவுகளைப் பார்த்தார். அறைகளில் ஆம்ப் மூடிய அலமாரிக்குள் இருக்கும். சூடாகாததுதான் வேண்டும். ஆறும் அக்காவுக்கு. மாமா செய்து முடித்திருந்த இரண்டு பெட்டிகள் கடையிலேயே இருக்கின்றன.

ஜூலை 12, சனி

மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் பேசினார். என்னிடம் பேசவில்லை.

ஜூலை 26, சனி

இன்று நூலகத்தில் கேட்பறைகளைத் திறந்தார்கள். ஆறு அறைகளிலும் கூட்டம். அக்கா ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்ச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து, "வந்தீங்களா" என்றார். அதற்கு மேல் இல்லை. நான் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது.

மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாமா வந்தார். கடைசி அறைக்குள் போய்த் தனியாக ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். வெளியே வந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நல்லா பண்ணிருக்கா" என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு, முதல் சோதனையில, திரைக்குப் பின்னாடி நின்னியே. உன் காதுல எதுவுமே படலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் முதல் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

"பட்டுச்சு மாமா. உங்களுது சத்தம் ஒரு துளி அதிகமா இருந்த மாதிரி."

"அப்புறம்?"

"எல்லாரும் உங்களுதுன்னு சொன்னாங்க. சந்தோஷமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

அவர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் வராந்தாவுல கதவை ஒட்டித்தான் நடந்துக்கிட்டு இருந்தேன். ஒயரை ரெண்டாவது தடவை மாத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சுது, ரெண்டுல ஒண்ணு சத்தம் கூட இருக்குன்னு. இருபது வருஷக் காதாச்சே. நான் உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

கடைசி அறையிலிருந்து அக்கா வெளியே வந்து, எங்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். நூலகர் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வந்தார். ஆறாவதையும் அணைத்தார். பிறகு நாங்கள் நின்றிருந்த இடத்தின் விளக்கையும்.