உள்ளே என்ன இருக்கிறது, ஒன்று சொல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். என் மானத்துக்குத்தான் கொஞ்சம் அடி. வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் அறைக்குள் மாட்டிக்கொண்டேன். முப்பத்தோரு வருஷமாக ஊரார் பூட்டைத் திறந்து சாப்பிடுகிறவன், சொந்த வீட்டில், தன் கையால் மாட்டிய கதவுக்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்பக்கக் கைப்பிடி ஆடுகிறது என்று நீ பத்தாவது படிக்கும்போதே சொன்னாய். நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். அந்த நாளை செவ்வாய்க்கிழமை வந்தது. கதவை நானே சாத்தினேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கருவிப் பை, போன் எல்லாம் கடையில். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். நான்கு மணிக்கு முன்னால் வரமாட்டாள்.

கடைசியில் என்னை மீட்டது வக்கீல்தான். அதாவது பக்கத்துக் கடையில் செருப்புத் தைக்கிற, எதற்கும் சட்டம் பேசி அந்தப் பேர் வாங்கிய நம்ம வக்கீல். சாப்பிடப் போன ஆள் இன்னும் கடைக்கு வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்தவர், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் என் முகத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் சிரித்தார். ஓடிப்போய்க் குறடைக் கொண்டுவந்தார். ஆனால் கொடுக்கவில்லை. “உன் கடைச் சட்டம்தானே இது? உள்ள என்ன இருக்கு, ஒண்ணு சொல்லு. அப்பத்தான் குடுப்பேன்” என்றார்.

என் சட்டம் உனக்குத் தெரியும். சாவி தொலைந்தது, கதவைத் திறந்து கொடு என்று தெரியாத ஆள் வந்து நின்றால், உள்ளே இருக்கிற பொருளில் ஒன்றைச் சொல்லச் சொல்வேன். திறந்ததும் அது இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். இருந்தால்தான் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்புவேன். இல்லையென்றால் கத்துவேன். அந்தச் சட்டத்தை இப்போது என் மேலேயே போட்டார். “உள்ள ஒரு முட்டாள் இருக்கான், போதுமாய்யா?” என்றேன். “சரியா இருக்கு” என்று குறடை நீட்டினார்.

உன் அறைக்கு ஏன் போனேன் என்று நீ கேட்பாய். அம்மாவும் கேட்டாள். மழை ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன் என்றேன். மழை பெய்து பதினோரு நாள் ஆகிறது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு உன் மேல் சந்தேகம். பூட்டுக்காரனுக்குச் சந்தேகம்தான் பாதி மூலதனம். ஆனால் பிள்ளை மேல் வந்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இந்த விடுமுறைக்கு வரமாட்டேன், நூலகத்தில் வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் கல்லூரி நூலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு காவலாளி எடுத்தார். “பதினஞ்சு நாளைக்கு மூடிட்டாங்க சார். பூனை மட்டும்தான் உள்ள போய் வருது” என்றார். பூனையோடு சேர்ந்து நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் உன் பெட்டியைத் திறந்தேன். கட்டிலுக்கடியில் பூட்டி வைத்திருந்தாயே, அதுதான். அம்மாவின் கொண்டை ஊசி, எட்டு விநாடி. தப்புதான். மன்னித்துக்கொள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டுக்காரன் மகள் இவ்வளவு மட்டமான பூட்டு வாங்கக் கூடாது.

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ மூன்று வருஷமாக இறையியல் படிக்கிறாய். கடைக்கு வருகிறவர்கள் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், கடவுளைப் பற்றி என்பேன். போட்டோ ஸ்டூடியோக்காரர், “நேர்ல பாக்காத ஆளைப் பத்தி மூணு வருஷமா?” என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வக்கீலிடம் மெதுவாகக் கேட்டேன், அதிகமாகப் படித்தால் கும்பிடுவது நின்றுபோகுமா என்று. அவர் ஆணியை வாயில் வைத்துக்கொண்டே, “கும்பிடறது வேற, அதைப் பத்திப் படிக்கிறது வேற. டாக்டருக்குப் படிக்கிறவன்லாம் நோயாளியா?” என்றார். எனக்கு அது ஆறுதலாகத் தெரியவில்லை. நோயாளி இல்லையென்றால் மருந்து எதற்கு?

அப்புறம்தான் போன விடுமுறை ஞாபகம் வந்தது. காலையில் மூன்று பேரும் அலமாரி விளக்குக்கு முன்னால் கும்பிட நிற்போமே, அப்போது நீ கண்ணை மூடவில்லை. ஒரு நாள் இல்லை, ஒன்பது நாளும். இதை அம்மாவிடம் உளறிவிட்டேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டு, “அவ கண்ணைத் திறந்திருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

கண்ணில் தூசி விழுந்தது என்றேன். ஒன்பது நாளுமா என்று அவள் கேட்கவில்லை. திரும்ப உரிக்க ஆரம்பித்தாள். தோல் ரொம்பக் கனமாக வந்தது.

இப்போது, பெட்டிக்குள் இருந்த உன் நோட்டு. நான் ஐந்தாறு பக்கம்தான் படித்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒன்றே முக்கால் மணி நேரம் வேறு என்ன செய்வது? முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: சமயத்தைப் படிப்பவர் வெளியே நின்று, நம்புகிறவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறார். இறையியல் படிப்பவர் உள்ளே நின்று, தான் நம்புவதற்கு என்ன பொருள் என்று கேட்கிறார். கீழே, “நான் எங்கே நிற்கிறேன்?” என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். இரண்டாவது கோட்டில் காகிதம் கிழிந்திருந்தது. அதைப் படிக்கும்போது நான் உள்ளேதான் இருந்தேன், வெளியே போக வழியில்லாமல். அதனால் எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆட்கள் வருகிறார்கள். நபர் 1, ஆஸ்பத்திரி சலவைத் தொழிலாளி. “கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் என் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போகிறார்” என்று எழுதியிருக்கிறாய். அது அம்மாதான், அச்சு அசல். நபர் 2 யார் என்று தெரிந்தது. அவர் குறடு கொடுத்த நன்றிக்காக அவரிடம் சொல்லமாட்டேன்.

நபர் 4, பூட்டு பழுது பார்ப்பவர், வயது 58. எனக்கு 56. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. “தினமும் காலையில் நிற்கிறார். நாற்பது விநாடி. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. என்ன கேட்கிறீர்கள் என்றால், பூட்டு விலை குறையட்டும் என்று கேட்டதாகச் சொல்லிச் சிரிக்கிறார். இவர் நம்புகிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.”

நான் உன்னை வேவு பார்த்தேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ என்னை விநாடி எண்ணிப் பார்த்திருக்கிறாய். இந்த வீட்டில் கண்ணை மூடுகிறவள் அம்மா ஒருத்திதான் போலிருக்கிறது.

ரொம்ப நாளைக்கு முன்னால் கடைக்கு ஒரு பெண் வந்தாள், கையில் பால் பாக்கெட்டோடு. கதவு சாத்திக்கொண்டது, திறக்க வேண்டும் என்றாள். உள்ளே என்ன இருக்கிறது, ஒன்று சொல் என்றேன். திணறினாள். “எல்லாம் இருக்கு” என்றாள். ஒன்று சொல்லம்மா என்றேன். யோசித்து யோசித்து அழுகை வந்ததே தவிர ஒரு சாமான் பேர் வரவில்லை. எனக்குச் சந்தேகம். திறக்கமாட்டேன் என்றேன். பால் திரியும்வரை கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய எதிர் வீட்டுக்காரர் வந்து, அந்தம்மா ஆறு வருஷமாக அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் திறந்தேன். அதே வாரத்தில் இன்னொரு ஆள் வந்தான். சுவர் பச்சை, கடிகாரம் ஆறரையில் நின்றிருக்கும், நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்று ஒப்பித்தான். சந்தோஷமாகத் திறந்துவிட்டேன். அவன் மூன்று மாசத்துக்கு முன்னால் காலி செய்து போனவன். வீட்டுக்காரர் வந்து என்னைக் கேட்டதையெல்லாம் மகளுக்கு எழுத முடியாது.

நோட்டை மூடியபோது ஏனோ அந்த இரண்டு பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஏன் என்று எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. அதற்குத்தான் உன்னைப் படிக்க வைத்தேன்.

அம்மா அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள், “நோட்டுல என்ன எழுதியிருக்கா? அவளுக்கு நம்பிக்கை இருக்கா, போயிடுச்சா?” மழை ஒழுகலை அவள் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் பாடம், எனக்குப் புரியவில்லை என்றேன். அவள் என்னையே பார்த்தாள். “போயிருந்தாலும் பரவாயில்லைனு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா அதுக்காக அவ வராம இருந்தா அதையும் என்னால தாங்க முடியாதுங்க” என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய் ரொம்ப நேரம் கழுவினாள். ஒரு தட்டைத்தான்.

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடு என்பாள். கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், சாவி அச்சு மேல் காகிதத்தை வைத்து. எழுத்து மேடும் பள்ளமுமாக இருந்தால் அதுதான் காரணம்.

நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். காலையில் விளக்குக்கு முன்னால் நிற்க வேண்டுமே, அதுதான். அம்மா பக்கத்தில் பொய்யாக நிற்க உனக்கு மனசில்லை. அதை நான் மதிக்கிறேன். நான் உன்னளவு நேர்மையான ஆளில்லை. ஆனால் நீ வா. கண்ணை மூட வேண்டாம். எதையும் கேட்க வேண்டாம். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உன் இடம் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் தள்ளி நின்று அதை நிரப்பிக்கொள்ளவில்லை. நாற்பது விநாடிதான், நீயே எண்ணியிருக்கிறாய். அம்மாவுக்கு நடுவில் கண்ணைத் திறக்கிற வழக்கம் இல்லை. நான் உன் பக்கம் திரும்பமாட்டேன். உனக்கு உள்ளேயா வெளியேயா என்று முடிவாகாவிட்டால் வாசற்படியிலேயே நில். படியும் நம் வீடுதான்.

உன் அறைக் கதவுக்குப் புதுக் கைப்பிடி போட்டுவிட்டேன். பெட்டிக்கு நல்ல பூட்டு ஒன்று மாட்டியிருக்கிறேன், என்னால்கூட லேசில் திறக்க முடியாது. இரண்டு சாவியும் இந்த உறைக்குள் இருக்கிறது. என்னிடம் வேறு சாவி இல்லை. இதை மட்டுமாவது நம்பு.

நல்லபடி சாப்பிடு. இருமல் வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார். நீ எங்கே நின்றாலும் உன் காலுக்குக் கீழே தரை இருக்கட்டும்.

உன் அப்பா
(நபர் 4, வயது 56)

பின்குறிப்பு: இன்று காலை நடந்ததை எழுதாமல் உறையை ஒட்ட மனம் வரவில்லை. விளக்கு அலமாரிக்குப் பக்கத்திலேதானே தெருக்கதவு. அம்மா கண்ணை மூடிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், “நீங்க கண்ணை மூடியாச்சா?” என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள். “மூடியாச்சு” என்றேன். வாய்க்குள் வந்து நின்றுவிட்டது வேறு: மூடவில்லை. மூடினால், நம்ம பொண்ணு கதவைத் தள்ளிக்கொண்டு வருவதை நான் பார்க்காமல் போய்விடுவேன்.