லோவில் மட்டும் கேட்ட சத்தம்

என் கூடப்பிறந்த செல்வமே, சின்னராசு,

பெருமாள்மலை ஏற்றத்தில் உன் சொந்தக் காரே உன் மேல் ஏறியது. நீ அடியில் படுத்து அதன் கியர்பாக்ஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஸ்டியரிங்கில் இருந்தவன் அந்தப் பெட்டியைப் பிரித்துக் கட்டிய மெக்கானிக் சவரிமுத்து. சற்று முன்புதான் நீ அவன் வாயில் குத்தி உதட்டைக் கிழித்திருந்தாய்.

குத்து வாங்கியவன் காரை ஏற்றிக் கொன்றான் என்று ஊர் சொன்னது. போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. நம் ஆட்கள் நம்பவில்லை. நானும்தான்.

உன்னை நான் பார்த்த கோலத்தைச் சொல்லவா? நெஞ்சுக்கூடு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. அந்தப் பெட்டிக்கு ஊற்றுகிற எண்ணெயும் சிவப்பு. எது எண்ணெய், எது உன் ரத்தம் என்று துடைத்துப் பார்த்துத்தான் தெரிந்தது.

நம் சித்தப்பா மகன் வீரணன் ஜாக்கிக் கம்பியால் சவரிமுத்துவின் வலது கையை உடைத்தான். நான் வத்தலக்குண்டு மண்டியிலிருந்து எடைக்கல்லோடு போய் அவன் தோளில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் தடுக்கவில்லை. நீதான் கியரைப் போடச் சொன்னாய் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கிடந்தான்.

உன் காரியம் முடிந்ததும் வீரணன் மண்டிக்கு வந்தான். கை போதாதாம், ஆளையே பள்ளத்தில் உருட்ட வேண்டுமாம். நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

தலைச்சுமையாகப் பூண்டு விற்று மண்டி வைத்தவள் நான். மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்க்காமல் எந்தச் சரக்குக்கும் சரி சொன்னதில்லை. ஓர் உயிருக்கு மட்டும் சொல்வேனா? காரையும் சவரிமுத்துவையும் அதே இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

சண்டையே அந்தச் சத்தத்தால்தானே. மலையை விட்டுப் போன வெள்ளைக்காரரிடம் நீ வாங்கிய கார். கிளட்ச் மிதியே கிடையாது, கியர் தானாக மாறும். பெட்டி கெட்டதும், மதுரையில் உடைத்துப் போட்டிருந்த இன்னொரு காரின் சாமான்களை வைத்து சவரிமுத்து கட்டிக் கொடுத்தான். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தான், சத்தமில்லை. நீ வத்தலக்குண்டுவரை இறக்கிக்கொண்டு வந்தாய், சத்தமில்லை. திரும்ப மலை ஏறும்போதுதான் ஊளையிட்டது. அவன் ஏமாற்றிவிட்டான் என்றாய் நீ. ஓட்டத் தெரியாமல் கெடுத்துவிட்டாய் என்றான் அவன்.

பெருமாள்மலையில் அன்று பனிமூட்டம். காரை மேடு பார்த்து நிறுத்தினார்கள். கட்டுப்போட்ட கையோடு சவரிமுத்து, நீ படுத்த இடத்திலேயே போய்ப் படுத்தான். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு இஞ்சினைப் போட்டேன். கிளட்ச் இல்லாத வண்டியாச்சே என்று எனக்கு ஓட்டப் பழக்கிவிட்டவன் நீதான்.

அடியிலிருந்து குரல் வந்தது. "நியூட்ரல்ல சத்தமில்லைங்க யக்கா, பம்பு நல்லாருக்கு. டிரைவ்லயும் வராது, உள்ள பல்சக்கரமெல்லாம் ஒண்ணாச் சேந்து சுத்தும். லோவுலதான் ஒண்ணோட ஒண்ணு உரசும். லோவுல போடுங்க."

சத்தம் கேட்க வேண்டுமென்றால் மேடு ஏறப் போடும் அந்த லோ கியரைப் போட்டே ஆக வேண்டும். நீயும் இதைத்தானே அவனிடம் சொல்லியிருப்பாய்?

வீரணன் ஜன்னலில் குனிந்தான். "போட்டுட்டு பிரேக்க விடுக்கா. வெரசா சோலி முடிஞ்சுரும்."

லிவர் என் கையில் இருந்தது. பின்சக்கரத்துக்கு முன்னால் அவன் நெஞ்சு. உன் நெஞ்சு உள்வாங்கிக் கிடந்தது கண்ணில் வந்தது. என் கால் பிரேக்கிலிருந்து லேசாக எழும்பியது உண்மை.

சக்கரத்துக்குக் கல் வைத்தாயா என்று வீரணனைக் கேட்டேன். வைத்தாச்சு என்றான். இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரம் இரண்டுக்கும் நல்ல பெரிய கல். இரண்டும் பள்ளத்துப் பக்கம். மேட்டுப் பக்கம் ஒன்றுமில்லை.

இங்கே லாரியோ பஸ்ஸோ நின்றால் பள்ளத்துப் பக்கம்தானே கல் போடுவோம்? வண்டி தானாக மேட்டில் ஏறும் என்று இந்த மலையில் எவன் பயந்தான்? ஆனால் இந்தக் கார் ஏறும். லோவில் போட்டு இஞ்சினை முறுக்கினால், கிளட்சை விட ஆள் வேண்டாம், அதுவே ஏறும். அதன் ஹேண்ட் பிரேக்கும் பேருக்குத்தான். சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்று அன்று சவரிமுத்து ஆக்சிலேட்டரை அழுத்தியிருக்கிறான், கல் இருக்கிறது என்ற தைரியத்தில்.

"அன்னிக்குக் கல்லு வச்சது யாருலே?" என்றேன்.

வீரணன் தரையைப் பார்த்தான். "அண்ணன்தான்க்கா, இதே மாதிரிதான். நான்தான் எடுத்துக் குடுத்தேன். குடுத்துட்டு டீக்கடைக்குப் போயிட்டேன்."

நான் விட்ட அறையில் அவன் பானெட்டில் போய் விழுந்தான். எழுந்து நின்றவனை இன்னொன்று விட்டேன். பிறகு மேட்டுப் பக்கம் அவன் கையாலேயே கல் வைக்கச் சொன்னேன்.

மறுபடி ஏறி இஞ்சினைப் போட்டு லோவில் தள்ளினேன். கார் கல்லை முட்டி உறுமியது, உள்ளே அந்த ஊளை கிளம்பியது. இதுதான் என்று அடியிலிருந்து சவரிமுத்து சொன்னான். பிறகு வேறு ஆளை வைத்துப் பெட்டியைப் பிரித்தபோது ஒரு பல்சக்கரத்தில் பல் உதிர்ந்திருந்தது. பழைய சக்கரத்தை மதுரையில் வாங்கியதோடு சேர்த்துப் பூட்டி, ஓட ஓடப் படிந்துவிடும் என்று விட்டிருக்கிறான்.

"சத்தத்துக்கு நீ பொறுப்பு, சாவுக்கு இல்ல" என்று அவனிடம் சொன்னேன். முதல் தடவையாக அழுதான்.

இனி நம் வண்டி எந்த மேட்டில் நின்றாலும் இரண்டு பக்கமும் கல் விழும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பேசி முடித்தது இதுதான்: கை கூடியதும் பெட்டியின் பல்சக்கரங்களை அவன் செலவில் மாற்றுவான். கார் ஓடுகிற காலம்வரை அதைக் கூலியில்லாமல் பார்ப்பான். அவன் கைக்கு வைத்தியம் என் செலவு. காரை வாடகைக்கு விட்டு வரும் பணம் முழுக்க உன் மனைவிக்கு. அவள் கண்ணில் அவன் படக்கூடாது, அவன் மேல் நம் ஆள் எவனும் கை வைக்கக்கூடாது. மன்னிப்பு இதில் சேரவில்லை. அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

உன் கூடப்பிறந்த அக்கா,
பூண்டு மண்டி அங்கம்மாள்